மூடிய கோடு

சாயல்குடியில், செல்போன் கடைக்கு மேல்மாடியில்
எட்டுக் கணினி, ஒரு ஏசி.
என் லாகின் பெயர் இருளாயி 07.
மீதி ஆறு இருளாயிகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ.

வானத்திலிருந்து எடுத்த படம் வரும்.
அதில் கார் பந்தயத் தடம் இருந்தால்
சுற்றிப் பச்சைக் கோடு இழுக்க வேண்டும்.
இல்லையென்றால் 'இல்லை'யை அழுத்த வேண்டும்.
படத்துக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.

கார் பந்தயம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை நான்.
மாட்டுவண்டிப் பந்தயம் தெரியும்:
ரோட்டிலேயே போய், கொடியைச் சுற்றி, வந்துவிடும்.

முதல் வாரம் எல்லாமே தடமாகத் தெரிந்தது.
கழிவுநீர்க் குளம், குதிரை பழக்கும் வட்டம்,
பாலைவனத்தில் யாரோ பாதியில் விட்ட காலனி.
பக்கத்து நாற்காலி டெல்பின், மூக்கையூர்க்காரி, சொன்னாள்:
"வளைவப் பாக்காத. வளைவுக்கு முன்னாடி பாரு."

பார்த்தேன்.
நேர்ச்சாலை முடிகிற இடத்தில் தார் இன்னும் கறுத்திருந்தது.
அத்தனை பேரும் ஒரே இடத்தில் பயந்திருக்கிறார்கள்.
பிரேக் பிடித்த ரப்பர்
சட்டியின் அடியில் பிடித்த சோறு மாதிரி
ஐந்நூறு கிலோமீட்டர் மேலேயிருந்தும் தெரிகிறது.

வளைவுக்கு வெளியே சரளைத் திட்டு,
தவறிப் போகிறவனை மெதுவாகப் பிடித்துக்கொள்ள.
ஏர்வாடி வளைவுக்கு அந்த மரியாதை கிடையாது,
வெளியே சீமைக்கருவேலம்தான்.

எந்தச் சாலைக்கும் அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கும்.
இதுவோ புறப்பட்ட இடத்துக்கே வர
இத்தனை நெளிகிறது, இதற்கா இவ்வளவு பணம் என்று
சிரித்தேன்,
காலை ஏழு பத்து பஸ்ஸில் வந்து
மாலை ஆறு நாற்பதில் திரும்புகிறவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை
இடப்பெயரை மறைத்து வரும் படங்களில் ஒன்று
எனக்குத் தெரிந்த நிறத்தில் வந்தது.
உப்புப் பாத்திகள்: ஓரத்தில் பாசிப் பச்சை,
நடுவில் வெளிறிய ரோஜா, கடைசியில் வெள்ளை.
இறால் பண்ணைகள், கணக்கு நோட்டு மாதிரி.
வாலிநோக்கம். வேறென்ன.
அதற்குக் கிழக்கே வெறும் களரில்
ஒரு மூடிய கோடு.
ஒன்பது வளைவு. எண்ணூற்று நாற்பது மீட்டர்.
நீண்ட நேர்க்கோட்டின் முடிவில்
உப்புத்தோல் உரிந்து
கருஞ்சேறு தெரிந்தது.

பச்சை இழுத்தேன்.
பெங்களூரிலிருந்து சிவப்பில் வந்தது:
'தார் இல்லை. பார்வையாளர் மாடம் இல்லை. இயற்கை அமைப்பு.'
மறுபடி இழுத்தேன். மறுபடி இயற்கை.
மூன்றாவது சிவப்புக்கு அன்றைய கூலியில் பாதி போனது.

டெல்பின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"எங்க சேவியர் ஓட்டுறது அதுலதான்.
மீன்பெட்டிய இறக்கி வச்சுட்டு, அதே டிவிஎஸ்ல.
யார்ட்டயும் சொல்லித் தொலைக்காத,
அம்மாவுக்குத் தெரியாது."

ஞாயிறன்று போனேன்.
நிழலின் நீளத்தைப் பார்த்தால் படம் பங்குனியில் எடுத்தது.
நான் போனது கார்த்திகையில்.
முழங்கால் தண்ணீர்.
எட்டாவது வளைவு இருக்க வேண்டிய இடத்தில்
பூநாரைகள் தலைகீழாக எதையோ வடிகட்டிக்கொண்டிருந்தன.
கரையில் பாதி புதைந்த ஒரு டயர், வெள்ளையடித்து,
நீலப் பெயின்டில் 'ஸ்டாட்'.
புள்ளியை மறந்து, வால் கோணலாக.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஞாபகத்திலிருந்த கோட்டின் மேல் நடந்தேன்.
நேர்க்கோடு முடியும் இடத்தில்
சேறு அங்கே மட்டும் கணுக்கால்வரை வாங்கியது.
நானும் அங்கேதான் பயந்தேன்.
சுற்றி டயருக்கு வர இருபத்தெட்டு நிமிஷம்.
பின்னால் தண்ணீர் மூடிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை முதல் படம் ஓர் ஏரி.
தண்ணீர் தவிர ஒன்றுமில்லை.
'இல்லை'க்கு மேல் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
டெல்பின் அதற்குள் நான்கு படம் முடித்துவிட்டாள்.