கண்ணாடிக்கு உப்பு ஆகாது

போர்த் தண்ணீர் ஆகாதாம் கண்ணாடிக்கு.
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டான்
சைதன்யா, சூப்பர்வைசர், இருபத்திநாலு வயசு.
"கறை விழும் அக்கா,
கறை விழுந்தா கரண்ட் குறையும்."
அதனால் நகரியிலிருந்து டேங்கர் வருகிறது,
ஏழு வடிகட்டி தாண்டிய தண்ணீர்,
நாக்கில் வைத்தால் எதுவுமே சொல்லாத தண்ணீர்.
எங்கள் தெருக்குழாயில் ஐந்து நாளைக்கொருமுறை வருவது
பருப்பை வேகவிடாது.
மகன் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும்.
அவன் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு கேட்டில் நிற்கவேண்டும்.
வெயில் ஏறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால்
விரிசல் விடுமாம்.
ஆளுக்கு முன்னூறு பலகை,
நெற்றியில் கம்பெனி விளக்கு,
கம்பில் கட்டிய பிரஷ்.
துடைத்து முடித்த கண்ணாடியில்
என் விளக்கு இன்னொரு விளக்காகக் கூடவே நடக்கும்,
முகம் தெரியாது.

பதினாலாம் வரிசையிலிருந்து முப்பது வரை
பாப்பிரெட்டி நிலம்.
ஏக்கருக்கு இவ்வளவு என்று
வருஷா வருஷம் அவர் கணக்கில் விழுகிறது.
பதினோரு வருஷம் அதில் வாரத்துக்குக் கடலை போட்டவர்
என் வீட்டுக்காரர்.
எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை.
இப்போது ஸ்ரீபெரும்புதூரில்
ஒரு கார் கம்பெனி வாசலில் விசில் ஊதுகிறார்.

மாடியில் பலகை வைத்தால் மானியம் என்றார்கள்.
போனேன்.
பட்டா இருக்கா?
புறம்போக்கு சார்.
கூரை?
சிமெண்ட் ஷீட்டு.
கான்கிரீட் வேணும்மா, ஷீட்டு தாங்காது என்று
எழுதாமலே பேனாவை மூடினார்.
அவர் மின்விசிறிக்கு
என் விண்ணப்பம் மட்டும் பறந்தது.
சூரியன் எல்லார் வீட்டு மேலேயும்தானே சார் காயுது
என்று கேட்டிருக்கலாம்.
பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

போன மாதம் பியூஸைப் பிடுங்க வந்தார்
லைன்மேன் எத்திராஜுலு, எங்கள் தெருக்காரர்.
பாக்கி எழுநூற்று நாற்பத்திரண்டு.
தரையைப் பார்த்தபடி பிடுங்கினார்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.
மகனுக்குப் பத்தாவது பரீட்சை.

அன்றைக்கு விளக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை நான்.
பகலில் கம்பெனியில் சார்ஜ்,
ராத்திரி எங்கள் வீட்டில் அல்ஜீப்ரா,
மூன்று மணிக்கு என் நெற்றியில்.
சைதன்யா எண்ணினான்.
பத்து.
இன்னொரு தரம் எண்ணினான்.
பத்து.
நோட்டில் பதினொன்று என்று எழுதிவிட்டு
தெலுங்கில் என்னவோ முணுமுணுத்து
போனை நோண்டினான்.

நேற்று பெரிய மனிதர்கள் வந்தார்கள்,
மாலை, மைக், மூன்று பாஷையில் பலகை:
சுத்தமான மின்சாரம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன்,
முனிலட்சுமி இடித்தாள்.
பின்னே?
ஒன்றாம் வரிசையிலிருந்து நாற்பது வரை
சுத்தம் பண்ணினது யாராம்?

புகை வேண்டாம் என்பதில் எனக்குச் சண்டையில்லை.
தங்கையைக் கொடுத்திருப்பது
அனல்மின் நிலையத்துப் பக்கம்.
அவள் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சேலை
சாயங்காலம் வேறு நிறம்.
குழந்தைக்கு இரண்டு வயசிலேயே மூச்சுக்குழல் மருந்து.
அது போகட்டும், இது வரட்டும்.
வருகிற வழியில்
எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று மட்டும்
யாராவது கேட்டிருக்கலாம்.
தலைக்கு மேலே கம்பி போகிறது,
மழை நாளில் உஸ்ஸென்று சத்தம் கேட்கும்,
எங்கேயோ போகிற அவசரம் அதற்கு.

இன்று விடியற்காலை
கழுவிய தண்ணீர் சொட்டும் ஓரத்தில்
ஒரு குடம் வைத்துப் பார்த்தேன்.
ஆறு பலகைக்கு அரைக் குடம்.
தூசிதான்.
சேலைத் தலைப்பை நாலாக மடித்து வடிகட்டி
தெளிய விட்டு
அடுப்பில் ஏற்றினேன்.

பருப்பு வெந்தது.