ஆறடி இரண்டங்குலம்

முத்துப்பட்டணம் முக்கில் பழைய கார் விற்கும்
பீர்முகம்மது மைலேஜ் சொன்னார்,
எத்தனை கை மாறியதென்று சொன்னார்,
ஏசியைப் போட்டுக் காட்டினார்.
நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

"டிக்கியிலிருந்து டாஷ்போர்டு வரைக்கும்,
சீட்டை மடக்கினா எவ்வளவு?"

"குடும்பத்துல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு இறக்கை, ஒரு உடம்பு, ஒரு வால்."

அவர் சிரிக்கவில்லை.
ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார்.

இறக்கை ஒன்றுக்கு ஆறடி இரண்டங்குலம்.
பால்சா மரம், கார்பன் குழாய்,
எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள்.
எஞ்சின் இல்லாத விமானத்துக்கு
நீளம்தான் மூச்சு.
"சின்னதாச் செஞ்சாத்தான் என்ன?" என்பார் வீட்டுக்காரர்
பைக்கைத் துடைத்தபடி.

வீட்டில் இடத்துக்குக் குறைவில்லை.
முகப்பில் நின்றால்
பின்தெருவில் போகும் ஆடு தெரியும்.
அத்தனை வாசலையும் ஒரே நேராக வைத்துக் கட்டியவர்கள்
ஒரு வண்டியை விட்டுப்போகவில்லை.

தேவகோட்டை பஸ்ஸில் ஒருதரம் கொண்டுபோனேன்.
கண்டக்டர் இறக்கைக்கு அரை டிக்கெட் போட்டார்,
உட்காரச் சொல்லவில்லை.

ஆல்டோவில் நுனி ஸ்டியரிங்கை இடித்தது.
இன்னோவா எல்லாம் சரி, விலையைத் தவிர.
அம்பாசடர் கூரையில் கட்டிக்கலாம் என்றார் பீர்முகம்மது.
கட்டினால்
மானகிரி தாண்டுமுன் அதுவாகவே பறந்துவிடும்.

நாலாவது வாரம் போன் வந்தது.
"கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு வந்திருக்கு.
நேர்ல வந்து அளந்துக்கங்க."

ஆம்புலன்ஸாக ஓடிய வெள்ளை ஆம்னி.
சைரன் கழற்றிய இடத்தில் நாலு துளை,
நாலிலும் எம்-சீல்.
ஸ்ட்ரெச்சர் ஓடும் தண்டவாளம் அப்படியே இருந்தது.
டேப் உள்ளே போய் முட்டி நின்றது:
ஆறடி நாலு.
மனிதனுக்கென்று அளந்து விட்ட இடத்தில்
எனக்கு இரண்டங்குலம் மிச்சம்.

பால்கண்ணாடி சன்னல். சித்திரை வெயிலும்
உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.
சலைன் கொக்கியில் இழுவைக் கயிறு தொங்கலாம்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்
நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து
சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார்.

முதல் ஞாயிறு. கண்டனூர் தாண்டினால்
தண்ணீர் வற்றிய கண்மாய்.
அதற்கு முன்னால், நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவர்
கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு
நடுரோட்டில் நின்றார்.
இது அந்த வண்டி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்கதவைத் திறந்து ஏறியிருந்தார்.

ஆஸ்பத்திரி வரைக்கும்
இறக்கையை மடியில் கிடத்தி
நல்ல கையால் பொத்திப் பிடித்திருந்தார்,
வேகத்தடை வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கி.
"இது எதுக்குத் தங்கச்சி?"
"பறக்குறதுக்கு."
"நீங்களா?"
"இல்லண்ணே. அது மட்டும்."

ஏழு தையல்.
அன்றைக்குப் பறக்கவிடவில்லை.
இடது இறக்கையில் விரலகலத்துக்குக் கறை.
துடைத்ததில் பாதிதான் போனது.
தராசில் வைத்துப் பார்த்தேன்,
ஒரு கிராம்கூட ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு,
பருந்து சுற்றிய அதே காற்றைப் பிடித்து
மேலே ஏறியபோது
கொஞ்சம் இடப்பக்கமாகவே சாய்ந்தது.
ரிமோட்டில் இரண்டு சொடுக்கு.
நேரானது.

தலையை இறக்கிப் பார்க்கிறேன்:
கரையில் நிறுத்திய வண்டியின் கதவைத் தட்டுகிறார்
ஆடு மேய்க்கிறவர்.
பிரஷர் பார்க்க வேண்டுமாம்.