உப்பேறிய தாள்கள்

அலை வந்துபோன நான்காம் நாள்,
டோங்காவில், தகரக் கூரைமேல்
எரிமலைச் சாம்பலை ஒதுக்கிவிட்டு
வேதத்தைக் காயவைக்கிறாள் லோசாலினே,
தாள் தாளாக, காற்றுக்கு ஒரு கல் வைத்து.

"எங்கே உன் கர்த்தருடைய வல்லமை?"
கீழேயிருந்து மைத்துனன் சேமிசி.
படகு போய்விட்டது அவனுக்கு,
சேம்பங்கொல்லையும்.
அவள் பதில் சொல்லவில்லை.

புயலை அவர் அதட்டிய பக்கம் மட்டும்
அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு
பிரிய மறுக்கிறது.
பரவாயில்லை, மனப்பாடம்தான்.
உதடசைத்துச் சொல்லிக்கொண்டே போனவள்
பாதியில் நின்றாள்.
அதட்டுவதற்கு முன்
அவர் அமரத்தில் தூங்கிக்கொண்டல்லவா இருந்தார்.

நாற்பது வருஷமாய்த் தாண்டித் தாண்டிப் போன வரி.

அன்றிரவு, சுவரில்லாத வீட்டில்,
கடல் இரைந்துகொண்டேயிருக்க
லோசாலினே வெறுந்தரையில் படுத்தாள்.
ஆராதனைக்கு இடுப்பில் கட்டும் பாய்
ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.
அதைச் சேமிசிக்கு விரித்திருந்தாள்.