பழைய எண்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிம்.
மூன்று மாதமாய் என்னுடையது.
ஆனாலும் இன்னும் காலி பண்ணவில்லை
உள்ளே குடியிருக்கும் தீர்த்தகிரி.

சிலிண்டர் பதிவானது அவருக்கு.
நகைக்கடன் வட்டி கேட்டு இருமுறை.
ஒன்பதாம் வகுப்பு நிவேதா
இன்று பள்ளிக்கு வரவில்லை.
முகம் தெரியாது; இழுபறி தெரியும்.

நேற்று மண்டியில் எடை போடும் நேரம்
ஆறு இலக்கம் வந்து விழுந்தது.
பின்னாலேயே ஒரு குரல்:
"பேங்க்கிலிருந்து. தீர்த்தகிரி சம்சாரங்களா?
நம்பரைச் சொல்லும்மா, கணக்கு முடங்கிடும்."
ஆமாங்க என்றேன்,
கல்யாணமே ஆகாத நான்.
"இருங்க, கண்ணாடி எடுத்தாறேன்."

போனைத் தக்காளிமேல் வைத்துவிட்டு
இருபத்தெட்டு பெட்டி நிறுத்தேன்.
ஐந்தாம் பெட்டியில் கெஞ்சினான்,
பன்னிரண்டில் அதட்டினான்,
இருபதில் என் அம்மாவை இழுத்தான்.
அதற்குள் இலக்கங்கள் செத்திருந்தன.

இன்று பேங்க் வரிசையில் நிற்கிறேன்,
யாரோ ஒருவர் சாவி
என் பையில் கிடக்கிறது என்று சொல்ல.
டோக்கன் நாற்பத்தொன்று.
நிற்கும்போதுதான் உறைத்தது:
எனக்கும் ஒரு பழைய எண் இருந்தது.
ஓசூர் கம்பெனி பி.எஃப்.
இன்னமும் அதில்தான்.

எந்த ஊரில், யார் கையில்
போய் விழுமோ என் ஆறு இலக்கம்.
அங்கேயும் யாராவது
கண்ணாடி தேடட்டும்.