கழுத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர்

ஆறாம் வார்டில் படுக்கை இருபத்தெட்டு.
இருபத்தெட்டும் நிரம்பிய நாளில்
ஒருவரையும் நகர்த்த முடியாது.
இருபத்தேழு என்றால் எல்லோரையும் நகர்த்தலாம்.
இந்தக் கணக்குக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதையே வீட்டிலும் செய்வானேன் என்று
தயாளன் கேட்டது நியாயம்தான்.

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
எங்கள் சமையலறையில் சும்மா கிடக்கும் ஒரே நீளம்
குளிர்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே:
நூற்றுப் பத்து சென்டிமீட்டர்.
அகலம் ஒரு தோசைக்கல்.
விரலுக்கேத்த வீக்கம்.

நேரத்தையும் அளந்தேன்.
திங்கள், செவ்வாய் இரவுப் பணி.
புதன், கிவேஷனுக்குக் கணக்கு டியூஷன்.
வெள்ளி கோயில். சனி, ஞாயிறு யார் வீட்டிலாவது விசேஷம்.
மிஞ்சுவது வியாழன்; அதிலும்
மின்சாரம் போகிற ஆறு மணியிலிருந்து எட்டரை வரை.
அடுப்பு சுடாது, வாஷிங் மெஷின் சுற்றாது,
இஸ்திரி போட்டுத் தா என்று யாரும் வர முடியாது.
ஊருக்கு இருட்டு. எனக்கு லீவு.

சுத்தி வர்ற மாதிரி போடும்மா, என்றான் கிவேஷன்.
சுற்றி வர நான் ஒருத்தி போதாதா?
எனக்கு வேண்டியது முட்டுச்சந்து.
மூன்று முட்டுச்சந்து:
ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்றதில் மூன்று, மூன்று.
என்ஜின் ஒதுங்கித் திரும்ப ஒரு கழுத்து.
எட்டு வேகனுக்கு எட்டுச் சீட்டு; குலுக்கி ஐந்தை எடுத்து
வந்த வரிசையிலேயே கோர்க்க வேண்டும்.
மெழுகுவர்த்தி அரை விரல் கரையும் நேரம்
ஓர் ஆட்டத்துக்கு.

டூட்டி ரோஸ்டரின் முதுகில் வரைந்தேன்.
டாமினோ காய்களை வேகனாக்கி நகர்த்தினேன்.
ஆடுபுலி ஆட்டத்திலும் இதுதானே,
காய்களையே பார்க்கிறவன் தோற்பான்
காலிப் புள்ளியைப் பார்க்கிறவன்
என்று எழுதும்போது மின்சாரம் வந்துவிட்டது.

புரட்டாசியில் இறைச்சிச் சட்டி தேய்க்கும் வேலை இல்லை.
அந்த மிச்சத்தில் தண்டவாளம் ஒட்டினேன்.
இரண்டு பாயிண்ட். இழுக்க சைக்கிள் கம்பி.
ஒன்பது வோல்ட் பேட்டரி.
இடம்: பஸ்ஸில் தினமும் கடக்கிற ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டை.
ஊறுகாய் கம்பெனிக்கு ஒரு கிளை,
பெயின்ட் கிடங்குக்கு ஒன்று.
துருவுக்குத் தேயிலைச் சாயம், கிவேஷனின் யோசனை.
சீட்டுகள், வார்டில் கழித்த படுக்கை அட்டைகள்;
ஊதா வேகனின் பின்பக்கம் இன்னும்
'உப்பில்லா உணவு' என்றிருக்கிறது.

முதல் வியாழன். நெற்றியில் டார்ச்.
மூன்று வேகனை இழுத்துக்கொண்டு
என்ஜின் கழுத்துக்குள் போனது.
கடைசி வேகனின் பின்சக்கரம்
பாயிண்ட்டின் மேலேயே நின்றுவிட்டது.

வேகனையெல்லாம் எண்ணினேன்,
என்ஜினை எண்ணவில்லை.
நோயாளிகளை எண்ணிவிட்டு
கட்டில் தள்ளுகிற போர்ட்டரை மறந்தது மாதிரி.

ஒன்பது சென்டிமீட்டர் குறை.
ஒரு வேகனைக் குறைச்சுக்கோ, என்றார் தயாளன்.
குறைத்துக் குறைத்துத்தான்
இந்தப் பலகைக்கே வந்து சேர்ந்தேன்.

ஜன்னலைத் திறந்தேன்.
கிவேஷனின் பள்ளி ஸ்கேலைத்
திருகாணி போட்டு வெளியே நீட்டினேன்,
பக்கத்து வீட்டு மிஸஸ் மூட்லியின்
கறிவேப்பிலை உரசும் தூரம்.
என்ஜின் இருட்டுக்குள் தலையை நீட்டி, நின்று,
உள்ளே வந்தது.
விழுந்தால் பிடிக்க, தயாளன் வெளியே
இரண்டு கையையும் ஏந்தியிருந்தார்,
பிரசாதத்துக்கு நிற்கிறவர் போல.

ஏழே முக்காலுக்குப் போன். சிஸ்டர் ஸிபோங்கிலே.
அவசரப் பிரிவில் ஒருவர் காத்திருக்கிறார்,
ஆறில் இடம் உண்டா?

போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே.
பதினொன்றை ஒன்பதுக்கு மாற்று, என்றேன்,
ஒன்பதில் இருப்பவர் காலையிலிருந்தே
ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
அவள் பக்கம் ஏடு புரட்டும் சத்தம்.
என் பக்கம் கொக்கி மாட்டும் சத்தம்.
அது என்ன, என்றாள்.

ஒன்றுமில்லை. மூன்று சேர்ந்தாயிற்று.
அடுத்த சீட்டு ஊதா.
அது ஊறுகாய்க் கிளையின்
கடைக்கோடியில்.