பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

ஊத்தான் மெலிந்தாங் கடைவரிசையில்
கீழே என் கைபேசிக் கடை.
மேலே இரண்டு மாடியும் வாலிட் பறவைகளுக்கு.
எச்சிலால் கூடு கட்டி
தவுக்கே லியோங்குக்கு வாடகை தருகின்றன.

உள்ளே ஈரம் எவ்வளவு, வெக்கை எவ்வளவு
அவருக்குத் தெரியவேண்டும்.
கதவு திறந்தால் பறவை மிரளும்,
கம்பி இழுத்தால் எலி ஏறும்.

அதனால்
செத்த மடிக்கணினி ஒன்றிலிருந்து பிரித்த
நடுவிரல் நீள பேட்டரி,
நகத்தளவு சென்சார்,
ஒரு சில்லு.
சில்லிலிருந்த சிவப்பு விளக்கைக் குறடால் பிடுங்கினேன்,
மாதக்கணக்கில் உயிரைக் குடித்துவிடும் அது.

ஹார்லிக்ஸ் போத்தலில் ஈர உப்பு போட்டு
சென்சாரைத் தொங்கவிட்டு, மூடியை இறுக்கி
ஓரிரவு வைத்தேன்.
மூடிய போத்தலுக்குள் உப்பு
எழுபத்தைந்தை விட்டு இறங்காது, ஏறாது.
விடிந்ததும் சென்சார் எழுபத்தொன்பது என்றது.
நாலைக் கழி என்று ஒரு வரி எழுதினேன்.
பொய்யைத் திருத்த ஒரே ஒரு வரி!
அன்றைக்கு எனக்கு நல்ல சிரிப்பு.

அதன் வேலை பெரும்பாலும் தூக்கம்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து
காற்றை மோந்து
இரண்டு எண்களைக் கீழே என் மேசைக்கு வீசிவிட்டு
மறுபடி சுருண்டுகொள்ளும்.
இப்படியே தீபாவளி வரை தாங்கும் என்று கணக்கு.

இருபத்தேழு புள்ளி எட்டு. எண்பத்தெட்டு.
இருபத்தேழு புள்ளி எட்டு. எண்பத்தெட்டு.
புதன்கிழமை இரவு ஒன்று நாற்பதுக்கு
இருபத்தெட்டு புள்ளி மூன்று.
ஐந்து இருபது வரை அப்படியே,
பிறகு மெல்ல இறங்கியது.
வியாழனும். வெள்ளி இல்லை. சனி உண்டு.
எந்த மழை இப்படி
செம்பனை ஆலையின் ஷிஃப்ட் பார்த்து வரும்?

எச்சம் கூட்டும் நாளில்
ஜாஹிருல்தான் அதை இறக்கிவந்து தந்தான்.
போத்தலில் வைத்தேன்.
எழுபத்தைந்து. சுத்தமாக எழுபத்தைந்து.

"அக்கா, இது ஆளைப் பார்க்குமா?"
"பார்க்காது. வெக்கை மட்டும்."
கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டு நின்றான்.
அவன் கன்னத்தில்
கோணிப்பையின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது.
ஆலை வீட்டில் எட்டுக் கட்டில், பதினாலு பேர்
என்று எப்போதோ ரீலோட் போடும்போது சொன்னவன்.

மாதக் கடைசி. லியோங் கணக்கு கேட்டார்.
அரை டிகிரியைக் கழி என்று
இன்னொரு வரி எழுதலாம்.
விரல் போனது.
உப்பு போத்தல் மேசைமேலேயே இருந்தது.

எண்ணைத் தொடவில்லை.
தூக்கத்தைத்தான் நீட்டினேன்:
இரவு ஒன்று முதல் காலை ஆறு வரை
ஒரே உறக்கம்.
பழைய வரிகளுக்குச் 'சோதனைக் காலம்' என்று பேர் வைத்து
தனியே எடுத்து வைத்தேன்.
பேட்டரி மிச்சம் தவுக்கே,
தைப்பூசம் வரைக்கும் ஓடும் என்றேன்.
அது உண்மைதான்.
தலையாட்டி, ஐம்பது வெள்ளி கூடவே வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

இப்போது மணி ஒன்று.
ஒரு கைபேசிக்குத் திரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.
கடைசி எண் வந்து விழுகிறது. அப்புறம் எதுவும் இல்லை.
பின்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
யாரோ ஏறுகிற சத்தம்.

ஆறு மணிக்கு முதல் எண்:
இருபத்தெட்டு புள்ளி ஒன்று.
இன்னும் முழுதாக ஆறவில்லை.