பூஜ்யத்தில் எவ்வளவு

மேசை நாலு அடிக்கு இரண்டு விரல் குறைவு.
ஜாணால் அளந்தேன். டேப்பை
கீழ்வீட்டு மெக்கானிக் வாங்கிப்போய் ஆடியே முடிந்துவிட்டது.
இருபத்துநாலு அங்குலத்தில் இரண்டு வைத்தால்
ஸ்பீக்கர் போகும், ஜன்னலும் போகும்.
ஒன்றாவது இருபத்திரண்டு என்றால்
ஜன்னலில் கொஞ்சம் மிஞ்சும்.

இடது பக்கம் பில் ஆஃப் லேடிங்,
வலது பக்கம் கஸ்டம்ஸ் படிவம்.
இத்தனை நாள் ஒரே திரையில் இரண்டுக்கும் நடுவே
தாண்டித் தாண்டி,
ஒரு பெட்டி எண்ணில் எட்டுக்கு மூன்று அடித்து,
மிளகாய்வத்தல் கன்டெய்னர் ஒன்று
நாலு நாள் துறைமுகத்தில் வெயில் காய்ந்தது.
ஏற்கெனவே காய்ந்ததுதானே சார் என்றதற்கு
முதலாளி சிரிக்கவில்லை.

பர்மா பஜாரில் நூர்தீன் கடை.
கால்சென்டர் கழித்துக் கட்டிய திரைகள்,
முதுகில் இன்னும் ஸ்டிக்கர்: நாலாம் வரிசை, சீட் பதினேழு.
‘ஜோடியா எடுத்துக்கோங்க மேடம்,
ஒரே கம்பெனி, ஒரே மாசம்.’
ஜோடியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால்
ஒன்று சுண்ணாம்பு, மற்றது மோர்க்குழம்பு.
மூலையில் செத்த புள்ளி ஒன்று.
‘கொசுன்னு நெனச்சுக்கோங்க, இருநூறு குறைச்சுக்கலாம்.’

நான் கேட்டது வேறு:
வெளிச்சத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினால்
எவ்வளவு இருட்டாகும்?

நூர்தீன் டீயைக் கீழே வைத்தார்.
எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்றுதான்
இதுவரை ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டைச் சொல்ல வேண்டியதாயிற்று.
தண்டையார்பேட்டையில் ஒரே அறை.
இரவு எட்டு மணிக்கு ஹூஸ்டன் ஆபீஸ் திறக்கும்.
ஒன்பதுக்கு செலஸ்டின் படுப்பான்.
காலை ஆறுக்கு அவன் கிரேன் கூண்டில் இருக்க வேண்டும்,
கண் எரியாமல்.
நடுவில் போர்வை கட்டிப் பார்த்தோம்;
ஃபேன் காற்றில் அது புடைத்து அவன் முகத்தில் உட்கார்ந்தது.
ஒரு திரைக்கே
‘ஏன்டி டார்ச் அடிக்கிற’ என்கிறவன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஷட்டரை முக்கால் இறக்கி
டியூப்லைட்டை அணைத்தார்.
வெளியே பீச் ஸ்டேஷன் அறிவிப்பு,
வேளச்சேரி வண்டி இன்னும் சிறிது நேரத்தில்.
ஏழு திரைகள், ஒவ்வொன்றாக இறங்கின.
ஒன்று பூஜ்யத்திலும் கல்யாண மண்டபம்.
இன்னொன்று துடித்தது.
பரண் மேலிருந்து கடைசியாக இரண்டு எடுத்தார்,
வேறுவேறு கம்பெனி, வேறுவேறு உயரம்.
அணைந்துவிட்டதா என்று
கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.
எழுத்து இருந்தது. எட்டு எட்டாகவே இருந்தது.

‘இது தேஞ்சுபோன சரக்கும்மா,
விக்காதுன்னு மேல போட்டு வெச்சேன்.’
விலை சொல்ல அவருக்கே கூச்சம்.
நானும் பேரம் பேச மறந்துபோனேன்.
ஆட்டோவில் வரும்போதுதான் நினைவு வந்தது,
கொசுவுக்கே இருநூறு குறைத்தவர்.

குட்டைத் திரைக்கு அடியில் ஸ்பீக்கரை வைத்திருக்கிறேன்.
அப்படியும் ஒரு படி உயர வித்தியாசம்,
இடமிருந்து வலம் போகையில்
மவுஸ் அம்பு அதில் இடறுகிறது.

மணி இரண்டே கால்.
செலஸ்டின் புரண்டு, கண் திறக்காமல்,
‘முடிச்சிட்டியா?’
இன்னும் நாலு பெட்டி.
‘லைட்டே இல்லையே’ என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மிஞ்சிய ஜன்னலில்
துறைமுகக் கிரேன்களின் விளக்குகள்,
நம் சுவர் வரைக்கும்.
அவற்றின் பொத்தான்
எந்தப் பக்கம் இருக்கிறதோ.